இருபது நிமிடக் காபி

ஈரச் சாக்கின் வாசனை. கதவைத் திறந்ததும் அதுதான் முதலில் வந்து மூக்கைப் பிடித்தது. நெதர்லாந்தின் வடக்கே, கடலைவிடத் தாழ்வாக, தட்டையாகப் படுத்துக் கிடக்கும் ஓர் ஊர். விதை உருளைக்கிழங்குக் கிடங்கு ஒன்றின் வாசலில் நின்றிருந்தேன். காலை பத்து நாற்பதுக்குக் காபி, பதினொன்றுக்கு முடியும் என்று மின்னஞ்சலிலேயே எழுதியிருந்தார்கள். வரச் சொல்லும்போதே கிளம்ப வேண்டிய நேரத்தையும் சொல்லிவிடும் தேசம் இது. நான்கு வருடமாகியும் எனக்குப் பழகவில்லை. ஆனால் சாக்கு வாசனைக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. அது என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய்க் கொடைக்கானல் பஜாரில், என் பத்தொன்பது வயதில் உட்கார வைத்துவிட்டது.

அன்று எங்கள் மேல்மலைக் கிராமமான கிளாவரையிலிருந்து முதல் பஸ்ஸில் அப்பாவும் நானும் வந்து இறங்கி, ராவுத்தர் பாயின் காய்கறி மண்டிக்குப் போனோம். எனக்கு அங்கே ஒரு வேலை வேண்டும். அதற்காகத்தான் போனோம். அப்பா அதைச் சொல்லவே இல்லை. கேரட் மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினார். காட்டுமாடு இறங்கி முட்டைக்கோஸை மிதித்ததைப் பற்றிப் பேசினார். பாய் டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு இன்னொரு டீ. நான் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தேன். உச்சிவேளையில் அப்பா எழுந்து துண்டை உதறினார்.

"அப்ப வர்றோம் பாய்."

"இருங்கண்ணே. மகன் படிப்பு முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சுபோச்சு. வீட்லதான் கெடக்கான்."

"நாளைக்கு வெள்ளனே அனுப்பி வைங்க. எடை போடத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லிக் குடுத்தா செய்வான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்."

"அது இருக்கட்டும். மண்டிக்கு வாயும் வேணும்ல."

அவ்வளவுதான், வேலை கிடைத்துவிட்டது. வாய்விட்டுக் கேட்டிருந்தால்தான் தப்பாகியிருக்கும். கேட்டால் எதிரில் இருப்பவர் 'இல்லை' என்று சொல்ல நேரலாம், நம்மால் அவருக்கு அந்தச் சங்கடம் வரக் கூடாது என்பது மேல்மலைக்காரர்களின் கணக்கு. போய் முகத்தைக் காட்டினால் போதும், வந்த சோலி அவருக்கே விளங்கும். அந்த மண்டியில் ஆறு வருடம், பகுதி நேரமாக ஒரு தாவரவியல் பட்டம், பிறகு விதைக் கம்பெனி ஒன்றின் தரப்பிரிவு, கடைசியில் இந்தத் தட்டை நாடு. இத்தனை படியும் ஏறினேன், ஓர் இடத்திலும் வேலை கொடுங்கள் என்று கேட்டதில்லை. யாராவது கூப்பிட்டார்கள், போனேன்.

இந்த வருடம் கம்பெனி எங்கள் பிரிவை மூடிவிட்டது. மூன்று மாதத்துக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் எனக்கும் மனைவி செல்விக்கும் இங்கே தங்க அனுமதி இல்லை. எனக்கு நாற்பத்தாறு வயது. இந்தச் செய்தியை அண்ணனிடம் சொன்னபோது அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கிளாவரையில் என் பங்குக் காட்டையும் உழுது வைத்தார், ஆனால் பூண்டு நடவில்லை. "நீ வந்தா நீயே நட்டுக்க. வரலேன்னா வெரசா சொல்லிரு. நடவு நமக்காக நிக்காதுல்ல" என்றார். ஆக, இரண்டு பக்கமும் நாள் ஓடிக்கொண்டிருந்தது.

வேலைக்காக நான் வந்திருந்த அந்தக் கிடங்கின் தரப்பிரிவுத் தலைவர் ஐம்பது வயதுக்காரர். விம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காபி வந்தது, ஒரே ஒரு பிஸ்கட்டோடு. நான் அப்பாவின் மகனாக உட்கார்ந்தேன். மழையைப் பற்றிப் பேசினேன். அவரும் மழையைப் பற்றிப் பேசினார், ஆசையாக. அவருடைய சைக்கிளைப் பற்றி விசாரித்தேன். பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் நானாகவே எழுந்து கைகுலுக்கிவிட்டு, வேலை கிடைத்துவிட்டதென்ற மிதப்பில் ரயில் ஏறினேன்.

ஒன்பது நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. உங்களோடு பேசியது இனிமையாக இருந்தது. எங்கள் ஊர் நூலகத்தில் புதன்கிழமைகளில், தனிமையில் இருப்பவர்களுக்காக ஒரு காபிக் கூடுகை நடக்கிறது. உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அன்புடன், விம்.

செல்வி அய்யம்பாளையத்துக்காரி. அடிவாரத்து மனிதர்களுக்கு மலைக்காரர்களின் பூசி மெழுகல் பிடிக்காது. மின்னஞ்சலை இரண்டு முறை படித்தாள்.

"ஏங்க, என்னதான் கேட்டீங்க அந்த ஆளுகிட்ட?"

"கேக்கல. அவருக்கே புரியும்னு…"

"புரிஞ்சிருச்சே. பேச்சுத் தொணைக்கு ஆள் இல்லாம அலையுறீங்கன்னு புரிஞ்சிருக்கு. புதன்கெழம போயிட்டு வாங்க, பிஸ்கட்டாவது கெடைக்கும்."

சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இன்னும் அம்பது நாள்தாங்க இருக்கு" என்றாள்.

இதைப் படிக்கும் வேலை தேடுவோருக்கு, ஊரில் இருந்தாலும் கடல் கடந்து இருந்தாலும், நான் அடிபட்டுக் கற்றதைச் சொல்கிறேன். ஒரே விண்ணப்பத்தை நாற்பது இடத்துக்கு அனுப்பாதீர்கள். நானும் அனுப்பினேன், நாற்பது இடத்திலிருந்தும் ஒரே பதில் வந்தது. அதற்குப் பதில், நீங்கள் போக விரும்பும் வேலையில் ஏற்கெனவே இருக்கும் ஒருவரிடம் இருபது நிமிடம் கேளுங்கள். முன்பின் தெரியாதவர்கூடப் பெரும்பாலும் தருவார். தந்தால் முதல் ஐந்து நிமிடத்துக்குள் வந்த காரியத்தைச் சொல்லிவிடுங்கள். 'இந்த வேலைக்கு வர நான் இன்னும் என்ன கற்க வேண்டும்' என்பது நல்ல கேள்வி. அதற்கு 'இல்லை' என்று யாரும் பதில் சொல்ல முடியாது. என்னைப் போன்ற கூச்சக்காரர்களுக்குக் கிடைத்த சந்து அது. பேசிவிட்டு வந்த அன்றைக்கே இரண்டு வரி நன்றி எழுதுங்கள். விம்முக்கு நான் அதைத்தான் எழுதினேன், கொஞ்சம் தாமதமாக. இன்னும் இருபது நிமிடம் தர முடியுமா என்றும் கேட்டேன்.

இரண்டாம் முறை விம் முன்னால் உட்கார்ந்ததும், நாக்கு மழைப் பக்கம் போகுமுன் சொல்லிவிட்டேன்.

"நான் வேலை தேடுகிறேன். உங்கள் தரப்பிரிவில் சேர ஆசை."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "இதை ஏன் அன்றே சொல்லவில்லை?"

"எங்கள் ஊரில் சொல்ல வேண்டியதில்லை. கண்டுபிடித்துவிடுவார்கள்."

"எனக்கு அவ்வளவு திறமை கிடையாது" என்றார், நிஜமாகவே வருத்தப்பட்டு. பிறகு முந்தைய வேலையில் என்ன செய்தேன் என்று கேட்டார்.

"நாங்கள் விதைக் கிழங்கில் நோய் பார்த்தோம், வயலில் ஆய்வு செய்தோம்…"

"நாங்கள் என்றால் எத்தனை பேர்?"

"பதினொரு பேர்."

"பதினொரு பேருக்கும் என்னிடம் இடமில்லை. அதில் நீங்கள் எந்த ஆள்?"

எனக்குச் சுருக்கென்றது. 'நான்' என்ற சொல்லை நான் வாயில் வைத்துப் பழகவில்லை. அன்று வீட்டுக்கு வந்து ஒரு தாளில், நான் என்று தொடங்கி, நிஜமாக நானே செய்ததை மட்டும் எழுதிப் பார்த்தேன். நீங்களும் எழுதிப் பாருங்கள். பதவியின் பெயரை எழுதாதீர்கள், செய்ததை எழுதுங்கள். ஒரு பக்கம் நிறையும். பாதி நமக்கே புதிதாக இருக்கும்.

இங்கே மேலோப்டாக் என்று ஒன்று உண்டு. சேர்வதற்கு முன் ஒரு நாள் கூடவே நடந்து பார்ப்பது. அந்த வேலை நமக்கு ஒத்துவருமா, நாம் அதற்கு ஒத்துவருவோமா என்று இரு தரப்பும் பார்த்துக்கொள்ளலாம். நம் ஊரிலும் கேட்டுப் பாருங்கள், மறுக்கிறவர்கள் குறைவு. விம் என்னை வயலுக்குக் கூட்டிப் போனார். வெயில் பளீரென்று அடித்தது. இலையில் தேமல் நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் குனிந்து ஒரு செடியின் மேல் என் நிழல் விழும்படி நின்றேன். வெயிலில் மறைந்திருந்த வெளிர்த் திட்டுகள் நிழலில் தெரிந்தன. மேல்மலையில் மேகம் இறங்கி மூடும் நேரம்தான் நாங்கள் இலை பார்ப்போம், இல்லை, நான் பார்ப்பேன். அதைச் சொன்னேன். விம் தன் குடையை விரித்து என்னிடம் கொடுத்தார். நிழலுக்காகவே கொண்டுவந்திருந்தார். அதன்பின் மாலை வரை வரிசை வரிசையாக இலை பார்த்தோம்.

மறுவாரம் கடிதம் வந்தது. ஒரு வருட ஒப்பந்தம். பழைய பதவிக்கு ஒரு படி கீழே, ஆனால் அனுமதி நீட்டிக்க அது போதும். செல்வி கடிதத்தை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். எனக்குள் ஒருவன் மட்டும், 'இல்லை' என்ற பதில் வந்தால் ஊருக்குக் கிளம்பலாமென்று பெட்டியைக் கட்டிவைத்துக் காத்திருந்தவன், மெல்ல உட்கார்ந்தான். அவன் இருந்தான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அண்ணனைக் கூப்பிட்டேன். கிளாவரையில் சிக்னலுக்காக மேடேறி நின்று பேசுவார், காற்று இரைந்தது.

"அண்ணே, வேலை கெடச்சுருச்சு."

"நல்லதாப் போச்சு. செல்விக்குச் சந்தோசமா?"

"ரொம்ப."

"ஒனக்கு?"

"எனக்கும்தான்."

"ஏலே, வேல கெடச்சவன் பேசுற மாதிரியா இருக்கு?" என்று சிரித்தார். "சரி, ஒன் காட்டையும் நானே நட்டுருறேன். நாளைக்கு ஆளு வருது."

"நடுங்கண்ணே. மேல ஓரத்துல ஒரு பாத்திய மட்டும் விட்டு வைங்க."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மா விட்டா களை மண்டிரும்லே."

"வேலை ஒரு வருசத்துக்குத்தாண்ணே."

"சரி, கெடக்கட்டும். போன வையி."