வெளியிலிருந்து பார்த்த கப்பல்

செங்கல்பட்டிலிருந்து உத்திரமேரூர் வரும் பேருந்தில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு. மடியிலிருந்த துண்டை உதறி, ஓரம் பிசகாமல் மறுபடி மறுபடி மடித்துக்கொண்டே பேசினார். சொகுசுக் கப்பலில் துணி துவைக்கும் வேலையாம். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறார்.

“கடலைப் பாத்துப் பாத்து அலுத்திருக்குமே?” என்றேன்.

“எங்க சார் பாத்தேன்? என் வேல அடித்தட்டுல, தண்ணி மட்டத்துக்குக் கீய. ஜன்னலே கெடையாது.”

ஒருமுறை ஏதோ வெளிநாட்டுத் துறைமுகத்தில் கொஞ்ச நேரம் ஓய்வு கிடைத்திருக்கிறது. பக்கத்தில், பார்வைக்கு வைத்திருந்த பழைய பாய்மரக் கப்பல் ஒன்றில் ஏறினாராம். அதன் மேல்தளத்தில் நின்று திரும்பியபோதுதான் தன் கப்பலை முதன்முறையாக முழுசாகப் பார்த்தார்.

“மலையாட்டம் வெள்ளையா நிக்குது சார். இதுக்குள்ளயா நாம கீறோம்னு பாத்துக்கினே இருந்தேன். கெளம்பறதுக்கு சங்கு ஊதிட்டான். காலே நகரல.”

“அப்புறம்?”

“ஓடிப் போய் ஏறிக்கினேன். கடைசி ஆளு நான்தான்.”

“விட்டுட்டுப் போயிருந்தா?”

“இன்னா பண்றது? போறதயும் பாத்திருப்பேன்.”

சிரித்தபடி தன் ஊரில் இறங்கிக்கொண்டார். வேலை போயிருக்குமே என்ற பயம் அந்தச் சிரிப்பில் ஏன் இல்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.