பூட்டுப் போட்ட குரங்குக் கட்டுரை

நான் திருத்தணியில் ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த காலம். ஊரில் மூலைக்கொரு பிரவுசிங் சென்டர் முளைத்திருந்தது. என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி, சென்னையில் விலங்கியல் ஆராய்ச்சி மாணவன். எங்கள் மலைக்கோயில் குரங்குகள்தான் அவன் ஆய்வுப் பொருள். மேலே தேங்காய், பழம், பூ விற்கும் கடைவரிசைக்கு எதிரே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, குரங்குகள் வாழைப்பழம் எடுப்பதை ஒரு கோடை முழுவதும் குறித்தான். எழுதியது வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் வந்தது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். கட்டுரையை யாரும் பார்க்கவில்லை.

அடுத்த கோடையிலும் அதே இடத்தில் குறித்தால்தான் ஆய்வு முடியும், பட்டம் கிடைக்கும். அவன் போனபோது சுவரில் அவன் உட்காரும் இடத்தில் ஒரு தண்ணீர்க் குடம் உட்கார்ந்திருந்தது. வைத்தவர் முதல் கடைக்காரப் பெண்மணி. மலையில் எல்லோருக்கும் அவர் அக்கா.

“போன வருசம் எங்கள பத்தி இன்னாவோ எழுதிகினு போனியே நைனா, அதக் காட்டு. அப்பால குந்து.”

“குரங்கப் பத்திதாங்க்கா எழுதினேன்.”

“ஆங். குரங்கு ஆரு கடையில எடுத்துச்சு?”

அவனிடம் கட்டுரை இல்லை. எழுதியவருக்குப் பிரதி அனுப்பும் வழக்கத்தை ஆய்விதழ் நிறுத்தியிருந்தது. இதழ் வாங்குவதை அவன் கல்லூரி நூலகம் நிறுத்தியிருந்தது. இணையத்தில் இருக்கிறது என்றான். அக்கா நம்பவில்லை. பார்த்து வரத் தன் தமக்கை கணவரை அனுப்பினார். பக்கத்துக் கடை அவருடையது. அக்கா அவரைப் பாவா என்று கூப்பிட்டதால் மலைக்கே அவர் பாவா. செய்தி கிடைக்கலாம் என்று நானும் போனேன்.

பிரவுசிங் சென்டர் திரையில் தலைப்பு வந்தது. கீழே தம்பியின் பெயர், நாலு வரிச் சுருக்கம். அதற்கும் கீழே, மேற்கொண்டு படிக்க டாலரில் பணம் கட்டச் சொல்லி ஒரு கட்டம்.

“இது உன் பேர்தானே?” என்றார் பாவா.

“ஆமாங்க.”

“அப்ப தொறக்கச் சொல்லு.”

“எனக்கே தொறக்காதுங்க.”

பாவா நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார். “எழுதினதுக்கு உனக்கு இன்னா குடுத்தாங்க?”

“ஒண்ணும் இல்லீங்க.”

“நீ எழுதினது சரியா கீதான்னு வேற ரெண்டு வாத்தியாருங்க படிச்சுப் பார்த்தாங்கன்னியே, அவங்களுக்கு?”

“அவங்களுக்கும் இல்ல.”

பாவா என்னைத் திரும்பிப் பார்த்தார். “நம்ம குரங்கு பழத்த எடுத்துகினு போவுது, சரி. எடுத்தத நம்மகிட்டயே வித்ததில்ல.”

மலைக்குத் திரும்பியதும் அக்காவிடம் அவர் சுருக்கமாகச் சொன்னார்: “பையன் பொய் சொல்லல. ஏமாந்துட்டான்.” அக்காவுக்கு இரக்கம் வந்தது. குடம் மட்டும் நகரவில்லை.

தம்பி பேராசிரியரைத் தொலைபேசியில் பிடித்தான். ஆய்விதழ் அச்சுக் கோத்த வடிவத்தைத்தான் கொடுக்கக் கூடாது, நீ தட்டச்சு செய்து அனுப்பியதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றார் அவர். ஒரு வருடமாக அது அவன் பையில்தான் கிடந்தது. உரிமையை ஆய்விதழுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததால் அதைத் தொடுவதே குற்றம் என்று நினைத்திருந்தான்.

ஆங்கிலத்தில் இருந்ததை இரண்டு பக்கத் தமிழாக நான் எழுதினேன். ஜெராக்ஸ் எடுத்துக் கடைக்கு ஒன்றாகக் கொடுத்தோம். கடைகளின் அடையாளம் தெரியாதிருக்க அவற்றுக்கு எழுத்துகள்தான் பெயர். ‘க’ கடையில் திருட்டு அதிகம். காரணமும் இருந்தது: குரங்கு பழத்தைப் பார்ப்பதில்லை, விற்பவர் முகத்தைப் பார்க்கிறது. பக்கத்துக் கடையோடு பேச முகம் திரும்பும்போது எடுக்கிறது.

அக்கா தன் பேத்தியை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். முடிந்ததும் பாவா பக்கம் முழுதாகத் திரும்பினார்.

“நான் எப்ப பாவா கடைய வுட்டுட்டு உன்னாண்ட பேசிகினு இருந்தேன்?”

அந்த நேரத்தில் அக்காவின் தட்டிலிருந்து ஒரு சீப்பு பழம் போயிற்று. பாவா தாளைக் காட்டி, “இதுல நீ ‘க’” என்றார்.

குடம் இறங்கியது. தம்பி சுவரில் உட்கார்ந்தான். பார்க்கத்தான் எதுவும் இல்லை. மறுநாளிலிருந்து கடைக்காரர்கள் ஒருவரும் தலையைத் திருப்பவில்லை. பேச்சு குறையவில்லை. வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்க உட்கார்ந்தவர்களைப் போல நேரே பார்த்துக்கொண்டு வம்பு பேசினார்கள். பூ வாங்க வந்தவர்கள் தங்களைத்தான் திட்டுகிறார்கள் என்று நினைத்துத் தட்டை வைத்துவிட்டுப் போனதும் உண்டு. குரங்குகள் கடைகளை விட்டுவிட்டுப் பக்தர்களின் பைகளுக்கு இறங்கிவிட்டன. தம்பியின் தாள்கள் வெறுமையாகவே இருந்தன. கட்டுரை பூட்டிக் கிடந்தவரை ஆய்வு நடக்கவில்லை. திறந்ததும் ஆய்வதற்கு ஒன்றுமில்லை.

அவன் முகத்தைப் பார்த்து அக்காவுக்கே பொறுக்கவில்லை.

“நான் வேணா கொஞ்ச நேரம் திரும்பிகினு இருக்கட்டா நைனா?”

“வேணும்னே செஞ்சா கணக்குல வராதுங்க்கா.”

“நீ குறிக்காத. சும்மா பாரு.”

கழுத்தைப் பாவா பக்கம் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பாவாவும் ஒத்தாசையாக வாயைத் திறந்து வைத்துக்கொண்டார். கூரையிலிருந்து ஒரு கிழட்டுக் குரங்கு இறங்கியது. பழத்தைப் பார்த்தது, அக்காவைப் பார்த்தது, தம்பியைப் பார்த்தது. பிறகு கூரைக்கே திரும்பிப் போய்விட்டது.

அதைத்தான் கடைசியில் எழுதினான். ஆய்வைப் படித்துவிட்டு ஆட்கள் மாறியதும், ஆட்கள் மாறியதால் குரங்குகள் மாறியதும் இரண்டாம் கட்டுரை. இந்த முறை உள்நாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினான். எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் பணம் கேட்காத இதழ் அது. வெளிவந்த அன்று பாவாவை மறுபடி பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப் போனோம். ஒரே சொடுக்கில் முழுக் கட்டுரையும் வந்தது. பாவா திரையின் அடி வரை பார்த்தார். பணம் கேட்கும் கட்டத்தைத் தேடினார் போலிருக்கிறது.

“சும்மாவே தொறக்குதே. இது நல்ல புத்தகம்தானா?”

பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில் ஒரு தேர்வாளரும் தம்பியிடம் அதையேதான் கேட்டார். பட்டம் கிடைத்தது. ஆனால் பாவா கேட்டுவிட்டு, அச்செடுத்து, வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். தேர்வாளர் கேட்டதோடு சரி.