வராத முன்பல்

என் மகளுக்கு ஏழு வயசில் மேல்வரிசை வலது முன்பல் விழுந்தது. ஒரு வருஷம் ஆகியும் புதுப்பல் வரவில்லை. இத்தனைக்கும் அதற்குப் பிறகு விழுந்த இரண்டு பக்கத்துப் பற்களும் முளைத்துவிட்டன. பள்ளிக்கூடத்தில் அவளை 'ஜன்னலு' என்று கூப்பிட்டார்களாம். அதிலிருந்து கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாள்.

எனக்கு அவள் மேலேயே சந்தேகம். விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிய வேண்டும், அது வானம் பார்த்துவிட்டால் புதுப்பல் முளைக்காது என்பது எங்கள் வடக்கனந்தல் பக்கத்து நம்பிக்கை.

"சாணியில வச்சுத்தான போட்ட?"

"ஆமாம்பா."

"நெஜமா?"

"எத்தினி வாட்டி கேப்ப? அன்னிக்கு ஃபுல்லா கையில நாத்தம்!"

நான் நம்பவில்லை. ஏணி வைத்து ஏறினேன். அவள் காட்டிய இடத்தில், ஓட்டு இடுக்கில், காய்ந்த உருண்டை ஒன்று சிக்கியிருந்தது. உடைத்தேன். உள்ளே பல்!

கீழேயிருந்து என் மனைவி கத்தினாள். "இன்னாங்க பண்றீங்க? அவ ஒழுங்கா மூடித்தான் போட்டிருக்கா. இப்ப நீங்களே வானத்துக்குக் காட்டிட்டீங்க!"

பல்லை அவசரமாக உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன். மறுநாளே கள்ளக்குறிச்சியில் ஒரு பல் டாக்டரிடம் அழைத்துப்போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள்.

"வேண்டாத குட்டிப்பல் ஒண்ணு குறுக்க கெடக்குது. அதான் வர வேண்டிய பல்லை மறிச்சிக்கினு நிக்குது," என்றார் அந்த டாக்டரம்மா.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "இது வேற புள்ளையோட படமா இருக்கப் போவுதுங்க."

அவர் கோபப்படவில்லை. போன வருஷம் மகளுடைய கடைவாய்ப் பல்லில் அடைத்த சிமெண்டைப் படத்தில் தொட்டுக் காட்டினார். அன்றைக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவனே நான்தான். படத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

மகள் கேட்டாள்: "டாக்டர், நான் சாணியில சரியா வக்காததால இல்லதான?"

"கூரைக்கும் பல்லுக்கும் சம்பந்தமே இல்லம்மா. அது தாடைக்குள்ளயே உருவாவுறது. உன் தப்பு ஒண்ணுமில்ல."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

பிள்ளைகளே, பல் வர ரொம்ப லேட்டானால் பயப்படாமல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். உங்கள் அப்பாவும் என்னை மாதிரி கூரை ஏறினால் இறக்கிவிடுங்கள்.

மரத்துப்போக ஊசி போட்டு அந்தக் குட்டிப்பல்லை எடுத்தார்கள். சில மாசம் கழித்து ஈறில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தேன்.

நறுக்கென்று கடித்துவிட்டாள்.