கண்ணாடி ஆபீஸும் கழற்றிய சட்டையும்

நாகர்கோவிலில் இரும்புச் சட்டமும் கண்ணாடியுமாக ஓர் ஆபீஸ் எழும்பியபோது ஊரே போய் வேடிக்கை பார்த்தது. நான் மட்டும் வேடிக்கை காட்டப் போனேன். அது எனக்கே போன பிறகுதான் தெரிந்தது.

எங்கள் பக்கமெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தோடு இருந்த காலம். இரணியலில் எனக்கு ஒரு பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணுக்குச் சம்மதம், எனக்கு அதைவிடச் சம்மதம். பெண்ணின் அப்பா மட்டும், "அந்தக் கண்ணாடி ஆபீஸுல வேலை கிட்டட்டும், பொறவு பேசுவோம்" என்று சொல்லிவிட்டார். அதனால் அக்காள் புருஷனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு இன்டர்வியூவுக்குப் புறப்பட்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. வாசலிலேயே சாம்பிராணி மணத்தது. தரை கோவில் கல்மண்டபம் மாதிரி வழுவழுவென்றிருந்தது. கதவு திறந்தபோது உள்ளே குத்துவிளக்கு எரிவது தெரிந்தது. சட்டையில்லாத ஒருவர் தேங்காய் மூடியோடு வெளியே வந்தார்.

"லே மக்கா, பூசை நடக்கு. சட்டையக் கழத்து" என்றார் அத்தான்.

எங்கள் பக்கத்துக் கோவில்களில் ஆண்கள் சட்டையோடு உள்ளே போக முடியாது. சின்ன வயதிலிருந்தே பழகிய கை, என்னைக் கேட்காமலே பித்தான்களை அவிழ்த்தது. சட்டையை அத்தானிடம் கொடுத்தேன். வெயிலில் ஆபீஸின் கண்ணாடிச் சுவர் சலூன் கண்ணாடியாய்ப் பளபளத்தது. அதைப் பார்த்துத் தலை சீவினேன். இல்லாத நெஞ்சை நிமிர்த்தினேன். பல்லையும் இளித்துச் சோதித்துக்கொண்டேன்.

உள்ளே போனால், மின்விசிறிகளுக்குக் கீழே ஆபீஸ் முழுக்க வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எல்லோரும் சட்டை போட்டிருந்தார்கள். தேங்காயோடு போனவர் பூசாரியாம். நான் முகம் பார்த்த கண்ணாடி அவர்களுக்கு வெறும் ஜன்னல்.

மேனேஜர் கேட்டார்: "சட்டை எங்கேய்யா?"

"வெளியே இருக்கு சார்" என்று கை காட்டினேன். அங்கே அத்தான் என் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் பார்த்து மூக்குமயிர் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

மேனேஜர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஒரு பக்கம் டைப் அடிக்கச் சொன்னார். காற்றோட்டமாக இருந்ததாலோ என்னவோ, ஒரு தப்பு விழவில்லை.

"திங்கக்கிழமை வா. சட்டையோட வா. அந்த ஆளு இல்லாம வா."

எனக்குக் கிடைத்த மேஜை அந்தக் கண்ணாடியை ஒட்டித்தான். சில நாள் கழித்துத் தலை நிமிர்ந்தால், வெளியே பெண்ணின் அப்பா! வேலை நிஜந்தானா என்று பார்க்க வந்தவர், கண்ணாடி முன் நின்று மீசையை முறுக்கினார், கன்னத்தை உப்பினார், கடைசியில் வேட்டியை முழுசாக அவிழ்த்து உதறிக் கட்டினார். டைப்ரைட்டர் சத்தமெல்லாம் ஓய்ந்துவிட்டது.

உள்ளே வந்தவர் திரும்பிப் பார்த்தார். கண்ணாடி வழியே, தெருவில் போன மாட்டுவண்டியின் ஆணி வரை தெரிந்தது. என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, நீரு ஒண்ணும் பாக்கல்லியே?"

"இல்ல மாமா. குனிஞ்ச தல நிமிரல்ல. அவ்வளவு வேலை."

அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"அப்போ ஆவணியில வச்சுக்கிடலாம், மாப்பிளே."