கருத்துப் புத்தகத்தின் நாற்பத்தொன்றாம் பக்கம்

நான் கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து கருத்துப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நாற்பத்தொன்றாம் பக்கம். அதில் இருப்பது என் கையெழுத்து இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் கடலோரப் பாதையில் வழிகாட்டி. இரண்டு கிலோமீட்டர், மேடு பள்ளம் கிடையாது. மூட்டுவலிக்காரர்கள்கூட நடக்கலாம். வழியில் ஆறு மரக்கம்பங்கள். ஒவ்வொன்றிலும் நின்று, உள்ளான் பறவை, மூழ்கிப்போன கப்பல், சிவப்பு நண்டு, ஆமை முட்டையிடும் மணல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, பழைய கலங்கரை விளக்கம் வரை கூட்டிப்போக வேண்டும். காலை நடை எனக்கு. மாலை நடை என் சகலைக்கு.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். இந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததே நான். இரண்டே வருடத்தில் எனக்கே ஆப்பு வைத்துவிட்டான். நடை முடிந்து பயணிகள் எழுதும் கருத்துப் புத்தகத்தைத் திறந்தால் பக்கம் பக்கமாக அவன் புராணம்தான். எனக்கு வயிறு எரிந்தது. அடுத்த பருவத்துக்கு ஒரு வழிகாட்டி போதும், புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று மேலாளர் வேறு சொல்லியிருந்தார்.

இதில் இன்னொன்றும் உறுத்தியது. 'கூட வந்த கைத்தடி அம்மா சொன்ன பழைய கதைகள் அருமை.' பலரும் இதை எழுதியிருந்தார்கள். ஆள் வைத்தா பேர் வாங்குகிறான்?

"யாருப்பா அந்த அம்மா?"

"எந்த அம்மாண்ணா? நான் தனியாத்தானே போறேன்."

கூசாமல் புளுகுகிறான் என்றுதான் நினைத்தேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மூன்றாவது கம்பத்தருகே ஒரு பலகைப் பாலம். பலகை ஏதாவது ஆடினால், முதலில் பார்ப்பவன் அதில் சிவப்பு நாடா கட்ட வேண்டும். அதற்காகவே இருவர் பையிலும் எப்போதும் நாடா இருக்கும். பத்தாம் தேதி காலை, கூட்டத்தை அனுப்பிவிட்டுத் தனியாகத் திரும்பினேன். ஒரு பலகை ஆடியது. நாடாவை எடுத்தேன். மாலையில் வருபவன் அவன்தானே... மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டேன்.

யாரும் பார்க்கவில்லை.

அன்று மாலை சகலைக்குக் கால் முறிந்தது. பலகையை உடனே மாற்றிவிட்டார்கள். மாலை நடை என் கைக்கு வந்தது.

பத்தொன்பதாம் தேதி, என் முதல் மாலை நடை. மாலை ஐந்து மணி. ஒன்பது பேர். நல்ல வெளிச்சம்.

5:20. இரண்டாவது கம்பம். பின்னால் ஒரு சத்தம். டக்... டக்... கல்லில் தடி ஊன்றுவது போல. திரும்பிப் பார்த்தேன். யார் கையிலும் தடி இல்லை.

நான் கப்பல் மூழ்கியதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒன்பது பேரும் சிரித்தார்கள். நான் எந்த நகைச்சுவையும் சொல்லவில்லை. ஒருவர் என் இடது தோளுக்குப் பக்கத்தில் படம் எடுத்தார். அங்கே வெறும் மணல்தான்.

5:45. பலகைப் பாலம். டக்... டக்... இப்போது மரத்தின்மேல்.

நான் நண்டைப் பற்றிப் பேசினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

"அப்புறம் என்னம்மா ஆச்சு?" கண்ணாடி போட்ட ஒருவர் கேட்டார்.

கேட்டது என்னிடம் இல்லை.

பதில் எதுவும் என் காதில் விழவில்லை. அலைச் சத்தம் மட்டும்தான். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஒன்பது பேரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் பையைப் பார்த்தார்கள்.

உள்ளே அந்த நாடா...

6:25. கலங்கரை விளக்கம். புத்தகத்தை நீட்டினேன். எழுதினார்கள். ஒருவர்கூட என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.

அவர்கள் போனதும் அங்கேயே படித்தேன். 'கைத்தடி அம்மா பிரமாதம். முன்னால் நின்று குறுக்கே குறுக்கே பேசியவர் தேவையில்லை.' நம்ப மாட்டீர்கள், எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. கோபம். கண்ணுக்குத் தெரியாத அவள்மேலும் பொறாமை!

கீழே, அதே நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இன்னொரு கருத்து இருந்தது.

'மூன்றாவது கம்பத்தில் சொன்னதுதான் சிறந்த கதை. சகலைமேல் பொறாமைப்பட்டு, கட்ட வேண்டிய சிவப்பு நாடாவைப் பைக்குள் ஒளித்துக்கொண்ட வழிகாட்டியின் கதை. முடிவை மட்டும் அம்மா சொல்லவில்லை. அது இன்னும் நடக்கவில்லையாம். இருபத்தேழாம் தேதி மாலை வருகிறவர்களுக்குச் சொல்வாராம்.'

நேராகச் சகலை வீட்டுக்கு ஓடினேன். மாவுக்கட்டுக் காலை நீட்டிப் படுத்திருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன்.

"விழுறப்ப யாரோ சட்டையப் புடிச்சு இழுத்தாங்கண்ணா. இல்லேன்னா கீழ பாறையில தலை அடிச்சிருக்கும். திரும்பிப் பாத்தேன், யாருமில்ல. ஒரு தடி சத்தம் மட்டும் கேட்டுச்சு."

அவனை இழுத்துக் காப்பாற்றியிருக்கிறாள். என்னை...?

இன்று இருபத்தாறு. இடையில் மாலை நடைக்கு ஒருவரும் பதியவில்லை. காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தேன். மேலாளர் மசியவில்லை.

"நாளைக்கு நீங்க இல்லாம முடியாது. வழக்கமா பத்துப் பேர்கூட வரமாட்டாங்க. நாளைக்கு முப்பத்தொரு பேர் பதிஞ்சிருக்காங்க. அன்னைக்கு வந்த ஒம்போது பேரும் திரும்ப வர்றாங்க. ஏதோ கதையோட முடிவைப் பாக்கணுமாம்."

என் நடைக்கு இதுவரை இவ்வளவு கூட்டம் சேர்ந்ததே இல்லை.