பாப்பாவை எந்த பிளாக்கில் இறக்கினேன்?

கையெழுத்தும் பிழைகளும் படிக்கச் சிரமமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அஞ்சாவது வரை படித்தவன். தாம்பரத்தில் விமானப்படைக் குடும்பத்துப் பிள்ளைகளை ஆட்டோவில் பள்ளிக்குக் கூட்டிப்போகிறேன்.

அந்தக் குடியிருப்பில் எல்லா பிளாக்கும் ஒரே மாதிரி இருக்கும். போன மாதம், புதிதாக மாற்றலாகி வந்த நாலு வயதுப் பாப்பாவை அதன் வீட்டுக்கு ஒரு பிளாக் முன்னாலேயே தவறி இறக்கிவிட்டுப் போய்விட்டேன். சற்று நேரத்தில் அதன் அம்மா போனில், "அண்ணா, பாப்பா இன்னும் வரலையே!" என்று அழுதார். அவர் கணவர் தற்காலிகப் பணிக்காக எல்லைக்குப் போயிருக்கிறார்.

பதறித் திரும்பினேன். கூட வரும் ஒரு பையனின் அம்மா, பாப்பாவின் கையைப் பிடித்தபடி படிக்கட்டில் நின்றிருந்தார். "தினமும் என் பையன்கூட வர்ற பொண்ணுதான். ஆனா இவ அம்மா யாருன்னே தெரியலண்ணா."

பெண்களிடம் நிமிர்ந்து பேசவே கூசுகிறவன் நான். மறுநாள் எல்லா அம்மாக்களிடமும் சொல்லிவிட்டேன்: "இனிமே தண்ணி டேங்க் கிட்டதான் வண்டி நிக்கும். எல்லாரும் வந்து கையில வாங்கிக்கணும்."

"அண்ணா எங்க வீட்டுக்காரருக்கே ஆர்டர் போடுவாரு போல!" என்று சிரித்தார்கள். ஆனால் வந்தார்கள். இப்போது பிள்ளைகளை வாங்கிய பிறகும் பேசிக்கொண்டே நிற்கிறார்கள். போன வாரம் பாப்பாவின் அம்மாவுக்குக் காய்ச்சல். அந்தப் பையனின் அம்மாதான் பாப்பாவை வாங்கிக்கொண்டு, ரசமும் கொண்டுபோனார்.

எழுதியது: ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை.