மாதிரி பார்த்து வாங்கிய மாத்திரை

செஞ்சி மண்டித் தெருவில் எதையும் மாதிரி பார்க்காமல் வாங்க மாட்டார்கள். வல்லத்திலிருந்து மல்லாட்டை வண்டி, அதாவது வேர்க்கடலை வண்டி, வந்து நின்றால், மண்டி முதலாளியான என் அப்பா, எங்கள் வாயில் நைனா, மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுப்பார். உடைப்பார், பருப்பை வாயில் போட்டு மெல்லுவார், பிறகுதான் விலை பேசுவார். பெண் பார்க்கப் போனாலும் இவர்களுக்கு அதே கண்தான். ஒரு மனுஷனுக்கு மருந்து வாங்கித் தரலாமா என்று முடிவு செய்யும் பொறுப்பும் இந்த நிபுணர்களிடமே வந்து சேர்ந்தது.

எங்கள் மண்டியில் மூட்டை தூக்குகிறவருக்கு டி.பி. சர்க்கார் ஆஸ்பத்திரியில் கொடுத்த ஊசியும் மாத்திரையும் பலிக்கவில்லை. மெட்ராஸில் புது மாத்திரை வந்திருக்கிறது, ஒரு வருஷம் விடாமல் சாப்பிட்டால் பிழைத்துக்கொள்வார், ஆனால் சர்க்கார் தராது, விலையும் அதிகம் என்றார் டாக்டர். மிச்சம் இருந்த ஒரே வழி மகமைப் பணம். விற்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் பொதுக்காரியத்துக்கென்று கடைக்காரர்கள் கொஞ்சம் எடுத்துவைப்பதுதான் மகமை. அதன் கமிட்டிக்கு நைனா தலைவர்.

கமிட்டி கூடியது. டாக்டரும் வந்திருந்தார்.

"ஒருத்தனுக்கே இவ்ளோவா? இதுல ஊருக்கே பேதி மருந்து வாங்கலாமே" என்றார் துணிக்கடைக்காரர்.

"ஊருக்கு இன்னா மாமா, பேதியா புடிச்சிருக்குது?" என்றேன்.

"நீ சும்மா கெட. பி.ஏ. படிச்சவன் கமிட்டியில பேசலாம்னு எவன் சொன்னான்?" என்றார் நைனா.

"இவனுக்குக் குடுத்தா நாளைக்கு அனந்தபுரத்துலேர்ந்து கூட இருமிக்கினே வருவானுங்க" என்றார் அரிசிக்கடைக்காரர்.

சரி, ஆளையே பார்த்துவிடலாம் என்று கூப்பிட்டனுப்பினார்கள். முதலாளிகள் கூடியிருக்கும் இடமாயிற்றே என்று அவர் தலைக்கு எண்ணெய் தடவி, பொங்கலுக்கு எடுத்த வேட்டியைக் கட்டி, இருமலை அடக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"ஆளு நல்லாத்தானய்யா இருக்கான்" என்றார் துணிக்கடைக்காரர். எக்ஸ்ரே மிஷினே தேவைப்படாத ஊர்.

கடைசியில் நைனா தீர்ப்புச் சொன்னார். "ரெண்டு மாசத்துக்கு மாதிரி வாங்குவோம். கேட்டுச்சின்னா மீதி."

எல்லோருக்கும் நிம்மதி. இல்லை என்றும் சொல்லவில்லை, கொடுத்தும் தொலைக்கவில்லை.

"பாதியில நிறுத்தினா நோய் அந்த மருந்துக்குப் பழகிடும். அப்புறம் அது வேலையே செய்யாதுங்க" என்றார் டாக்டர்.

"மாதிரி பாக்காம வாங்குறது யாவாரத்துலயே இல்லீங்க" என்றார் நைனா.

இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. அவர் மறுபடி மூட்டை தூக்கினார். கமிட்டிக்கு ஒரே பூரிப்பு.

"அதான் கொணமாயிடுச்சே, மீதி எதுக்கு?" என்றார் அரிசிக்கடைக்காரர்.

"கேக்காம போயிருந்தா?" என்றேன்.

"கேக்காத மருந்த எவன் வாங்குவான்?"

ஆக, மீதி மாத்திரை எப்படியும் வரப்போவதில்லை. மூன்று வருஷம் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்த புரொபசர்களுக்கு இந்த வித்தை தெரியாது.

மல்லாட்டை சீசன் உச்சத்தில், முதுகில் மூட்டையோடு அவர் ரத்தமாக இருமினார். பாதியில் நிறுத்திய மாத்திரை இனி சுண்ணாம்புக் கட்டிக்குச் சமம் என்றார் டாக்டர். வேறொன்று இருக்கிறதாம், அதைவிட விலையாம், கேட்குமா என்று அவராலும் சொல்ல முடியவில்லையாம்.

நைனா இந்தத் தடவை கமிட்டியைக் கூட்டவில்லை. என்ன சொல்வார்கள் என்று தலைவருக்குத் தெரியாதா? சொந்தக் காசில் மெட்ராஸுக்கு ஆள் அனுப்பி வரவழைத்தார்.

பார்சல் வந்த நேரம் வல்லத்து வண்டியும் வந்து நின்றது. நைனாவின் ஒரு கை வழக்கம்போல மூட்டைக்குள். இன்னொரு கையால் பார்சலை நீட்டினார். படியில் உட்கார்ந்திருந்தவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மொதலாளி, இது மாதிரியா, முழுசா?"

நைனா மூட்டைக்குள்ளிருந்த கையை ஒரு பிடி மல்லாட்டையோடு வெளியே எடுத்தார்.

"முழுசுதான்டா" என்றார். கையிலிருந்த மல்லாட்டையை உடைக்காமலே மூட்டைக்குள் போட்டுவிட்டு, வண்டியை அப்படியே இறக்கச் சொன்னார்.

அந்த வண்டி மல்லாட்டையில் பாதி சொத்தை. மூட்டை தூக்குகிறவர் இன்னும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். போன வாரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தாராம். கமிட்டியில் அதை யாரும் கேட்கவில்லை. சொத்தை மல்லாட்டையைப் பற்றித்தான் பேச்சு.